கிரேக்க ஹேண்ட்பாலில் முதல் ஐரோப்பியக் கோப்பை யாருடையது?

வாசகர் கேள்வி, 14 மே 2024

"வரும் சனிக்கிழமை பிரேயஸின் ஒலிம்பியாகோஸ் கிளப் ஐரோப்பியக் கோப்பையின் இறுதிப்போட்டியில் ஆடுகிறது. வென்றால், ஏதென்ஸின் ஏஇகே அணிக்கு அடுத்து ஐரோப்பிய ஹேண்ட்பால் கோப்பை வாங்கும் இரண்டாவது கிரேக்க கிளப் அதுதான். கிரேக்க ஹேண்ட்பாலை வளர்த்தவை ஏதென்ஸ், பிரேயஸ் நகரங்களின் பெரிய கிளப்கள் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் இருக்கிறீர்களா?"

14 மே, இரவு

நான் மறுக்கிறேன். ஒலிம்பியாகோஸ் வென்றால் மூன்றாவது கிளப். ஏஇகே 2021இல் வென்றது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 2012இல், டியோமிடிஸ் வென்றுவிட்டது. அதன் ஊர் ஆர்கோஸ். பெலோபொனீஸ் தீபகற்பத்தில் இருபதாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். கடலில்லை, பெரிய துறைமுகமில்லை, நாடறிந்த கால்பந்து அணியும் இல்லை. அந்த ஊரைத் தாண்டிப் போய்க் கிரேக்க ஹேண்ட்பாலின் கதையை ஆரம்பிக்க முடியாது.

15 மே

விவரம் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

இன்று ஐரோப்பியக் கோப்பை என்று அழைக்கப்படும் இந்தப் போட்டி 1993இல் சிட்டி கோப்பை என்ற பெயரில் பிறந்தது. 2000இல் சேலஞ்ச் கோப்பை ஆனது. 2020இல் இப்போதைய பெயர் வந்தது. மூன்று பெயரிலும் ஒரே பரம்பரைதான். எனவே டியோமிடிஸ் வாங்கியதும் ஏஇகே வாங்கியதும் ஒரே கோப்பை. "அது வேறு போட்டி" என்று தள்ளிவிட வழியில்லை.

2011-12 பருவத்தின் இறுதியில் டியோமிடிஸுக்கு எதிரே நின்றது சுவிட்சர்லாந்தின் வாக்கர் தூன். அந்த அணி 2005இல் இதே கோப்பையை வென்றிருந்தது. அனுபவமுள்ள எதிரி. அதுவரை எந்தக் கிரேக்க கிளப்பும் ஐரோப்பிய அளவில் ஹேண்ட்பால் கோப்பை எதையும் தொட்டதில்லை. தொட்டுக் காட்டியது ஆர்கோஸ்.

ஆண்டையும் கவனியுங்கள். 2012. கிரேக்கம் கடனில் மூழ்கியிருந்த ஆண்டு. மார்ச்சில் இரண்டாவது மீட்பு ஒப்பந்தம், மே மாதத்தில் ஒரு பொதுத்தேர்தல், அதில் அரசு அமையாததால் ஜூனில் இன்னொன்று. சம்பளமும் ஓய்வூதியமும் வெட்டப்பட்டன, கடைகள் மூடின. பெலோபொனீஸின் குறுகிய பாதை ரயில்கள் அதற்கு முன்பே செலவுக் குறைப்பில் நிறுத்தப்பட்டிருந்தன. ஆர்கோஸ் நிலையமும் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. ரயில் நின்றுபோன ஊரிலிருந்து ஒரு அணி கிளம்பிப் போய்க் கோப்பையோடு வந்தது. இதை யாரும் பெரிதாகப் பேசாதது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

15 மே, சற்றுப் பிறகு

"மூன்றாம் தரக் கோப்பைதானே?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம், வரிசையில் மூன்றாவது. சாம்பியன்ஸ் லீகும் அதற்கு அடுத்த கோப்பையும் ஜெர்மனி, ஸ்பெயின், பிரான்ஸ் பணத்தால் நடப்பவை. கிரேக்க ஹேண்ட்பாலில் அந்தப் பணம் கிடையாது. சேலஞ்ச் கோப்பையை வாங்கிய மற்ற பெயர்களைப் பாருங்கள்: 2010இல் லிஸ்பனின் ஸ்போர்டிங், 2011இல் ஸ்லோவேனியாவின் கோப்பர், 2014இல் ஸ்வீடனின் சாவஹோஃப், 2016இல் போர்ச்சுகலின் பிராகா. எவையும் சாதாரண அணிகள் அல்ல. அந்த வரிசையில் ஆர்கோஸ் நிற்கிறது.

16 மே

கல்லூரிக் காலத்தில் நான் ஹேண்ட்பால் கோல்கீப்பர். விளையாட்டில் பெரிதாக எதுவும் சாதிக்கவில்லை, ஆனால் பழக்கம் போகவில்லை. பின்னால் கப்பலில் இன்ஜினியராக வேலை பார்த்தபோது, பிரேயஸுக்கு அடுத்துள்ள பெராமாவில் எங்கள் கப்பல் பழுதுபார்ப்புக்கு நின்றது. விடுப்புக் கிடைத்த நாளில் உடன் இருந்தவர்கள் அக்ரோபோலிஸுக்குப் போனார்கள். நான் கிஃபிசோஸ் நிலையத்தில் ஆர்கோஸ் பஸ் ஏறினேன். கொரிந்து கால்வாயைத் தாண்டினால் மலை, பிறகு சமவெளி முழுக்க ஆரஞ்சுத் தோப்புகள்.

ஆர்கோஸில் சுற்றுலாப் பயணிகள் அதிகம் இறங்குவதில்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் அழகிய நாஃப்பிலியோ இருப்பதால் எல்லோரும் அங்கே போய்விடுகிறார்கள். ஆர்கோஸில் லாரிசா குன்றின் பாறையில் வெட்டிய பழைய திறந்தவெளி அரங்கம் இருக்கிறது. ஏறத்தாழ இருபதாயிரம் பேர் உட்காரக்கூடியது. இன்றைய ஊரையே அதில் உட்கார வைத்துவிடலாம். 1829இல் நாட்டின் அப்போதைய ஆட்சித் தலைவர் கப்போதிஸ்திரியாஸ் கிரேக்கத் தேசிய சபையை அங்கேதான் கூட்டினார்.

கடைத்தெருவில் காப்பிக் கடை வைத்திருந்த பெரியவரிடம் ஹேண்ட்பால் என்றதும், அவர் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம், எனக்குக் கிரேக்கம் அறவே தெரியாது. ஆனால் தூன் ஆட்டத்தை அவர் மேசைமேல் சர்க்கரைப் பொட்டலங்களை அடுக்கி விளக்கினார். ஆறு பொட்டலம் தடுப்புக்கு, ஒன்று கோல்கீப்பருக்கு. எந்தப் பொட்டலம் எங்கே நகர்ந்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. காப்பிக்குக் காசு வாங்கவும் மறுத்துவிட்டார்.

அந்த ஊரில் இது வெறும் கோப்பையாக இல்லை. கிளப்பின் பெயரே ட்ராய் போருக்கு ஆர்கோஸ் படையை நடத்திச் சென்ற மன்னனின் பெயர். ஊர்க் குழந்தைகள் அந்தப் பெயரை முதலில் பாடப் புத்தகத்திலா சட்டை முதுகிலா பார்க்கிறார்கள் என்று எனக்கு யோசனை வந்தது.

18 மே, நள்ளிரவு

இறுதிப்போட்டி இரண்டு ஆட்டம், மொத்தக் கோல்தான் கணக்கு. ரெய்காவிக்கில் முதல் ஆட்டம் முடிந்தது. ஐஸ்லாந்தின் வாலுர் 30, ஒலிம்பியாகோஸ் 26.

நாலு கோல். கால்பந்து பார்ப்பவர்கள் "முடிந்தது கதை" என்பார்கள். முடியவில்லை. ஹேண்ட்பாலில் நாலு கோல் பத்து நிமிடத்தில் கரையும். இரண்டு நிமிட வெளியேற்றம் ஒன்று கிடைத்து, எதிரணி கோல்கீப்பரை எடுத்துவிட்டுக் கூடுதல் ஆட்டக்காரரை இறக்கி, அந்த நேரத்தில் பந்தைப் பறிகொடுத்தால், காலிக் கோலுக்குப் பாதி மைதானத்திலிருந்து எறியலாம். 2016இல் அந்த விதி தளர்ந்த பிறகு முன்னிலை எதுவும் பத்திரமில்லை.

வாலுர் அணியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கோலில் நிற்பவர் பியோர்க்வின் பால் குஸ்தாவ்சன். இன்னொருவர் அலெக்சாண்டர் பீட்டர்சன், 43 வயது. இருவரும் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய ஐஸ்லாந்து அணியில் இருந்தவர்கள். இந்த கிளப் 1980இல் ஐரோப்பிய சாம்பியன் கோப்பையின் இறுதி வரை போய் ஜெர்மனியின் குரோஸ்வால்ஷ்டாட்டிடம் தோற்றது. நாற்பத்து நாலு ஆண்டு ஏக்கத்தோடு வருகிறார்கள்.

20 மே

ஏஇகே ரசிகர் ஒருவர், நான் அவர்களைக் குறைத்துப் பேசுவதாக வருத்தப்பட்டிருக்கிறார். அந்த எண்ணம் எனக்கு இல்லை. ஏஇகே பற்றித் தனியாகவே எழுத வேண்டும், எழுதுகிறேன்.

ஏஇகே 2021இல் வாங்கிய கோப்பை திடீரென்று வந்ததல்ல. 2018இல் இதே போட்டியின் இறுதியில் ருமேனியாவின் போடைசா துர்தாவிடம் தோற்றார்கள். துர்தாவே அதற்கு முந்தைய ஆண்டு ஸ்போர்டிங்கிடம் இறுதியில் தோற்று, மறுபடி வந்து வென்ற அணி. 2020இல் கொரோனாவால் போட்டியே ரத்தானது. மறு ஆண்டு ஏஇகே திரும்ப வந்து ஸ்வீடனின் இஸ்டாட் அணியை இறுதியில் சாய்த்தது. இஸ்டாட் எவ்வளவு நல்ல அணி என்பதற்கு அடுத்த ஆண்டே சாட்சி கிடைத்தது: 2022இல் அவர்கள் ஸ்வீடன் சாம்பியன்கள். தோற்ற இறுதிக்கும் வென்ற இறுதிக்கும் நடுவில் ஒரு கிளப் கலையாமல் இருப்பது பெரிய வேலை. அதை ஏஇகே செய்தது.

இன்னொன்று. "பெரிய கிளப், சின்ன ஊர்" என்று நான் போட்ட கோடு ஏஇகே விஷயத்தில் நேராக ஓடவில்லை. ஏஇகே 1924இல் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து அகதிகளாக வந்த கிரேக்கர்கள் உருவாக்கிய கிளப். இரட்டைத் தலைக் கழுகும் மஞ்சள்-கறுப்பும் அந்த நகரத்தின் நினைவு. அவர்களுடைய இடம் நேயா ஃபிலாதெல்ஃபியா, அதுவும் ஆசியா மைனரிலிருந்து 1922க்குப் பிறகு வந்தவர்கள் குடியேறிய பகுதி. அங்கேயே அயோனிகோஸ் என்று ஒரு கிளப் உண்டு. 1979இல் கிரேக்க ஹேண்ட்பால் கூட்டமைப்பு உருவாகி லீக் தொடங்கிய ஆரம்ப ஆண்டுகளில் பட்டங்களை வாங்கியவர்கள் அந்த அயோனிகோஸ்காரர்கள். அதாவது கழுகுச் சின்னம் ஹேண்ட்பாலுக்கு வருவதற்கு வெகு முன்பே அந்தத் தெருக்களில் ஹேண்ட்பால் இருந்தது.

ஆகவே என் கட்சியைக் கொஞ்சம் திருத்திச் சொல்கிறேன்: இந்த ஆட்டத்தை வளர்த்தவை பேட்டைகளும் சிற்றூர்களும். பெரிய பெயர்கள் பிறகு வந்து சேர்ந்தன. சில பெரிய பெயர்கள் அந்தப் பேட்டையிலேயே பிறந்தவை.

22 மே

2004 ஒலிம்பிக்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒரு வாதம் வந்திருக்கிறது. பாதி சரி.

ஏதென்ஸ் 2004இல் கிரேக்க ஆண்கள் அணி ஆறாம் இடம். மறு ஆண்டு துனீசியாவில் நடந்த உலகக் கோப்பையிலும் ஆறாம் இடம். அலெக்ஸாண்ட்ரோஸ் அல்வானோஸ் போல ஜெர்மனியில் ஆடிய வீரர்கள் இருந்த தலைமுறை அது. பணம், பயிற்சி, புதிய அரங்குகள் எல்லாம் சேர்ந்த நேரம். ஆனால் அது நீடித்ததா? பெரிய போட்டிகளில் அந்த அணியை அதன் பிறகு காண முடியவில்லை. ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் முதல் முறையாக ஆடியதே இந்த ஆண்டு ஜனவரியில்தான். மியூனிக்கில் டென்மார்க், போர்ச்சுகல், செக் அணிகளோடு ஒரே பிரிவில் ஆடினார்கள்.

தேசிய அணி காணாமல் போயிருந்த அந்த இடைவெளியில்தான் டியோமிடிஸ் வென்றது, ஏஇகே இரண்டு இறுதிகள் ஆடியது. ஒலிம்பிக் அரங்குகள் பல பூட்டிக் கிடந்தபோது கிளப்கள் உயிரோடு இருந்தன. எனவே ஆட்டத்தைக் காப்பாற்றியது எது என்று கேட்டால், நான் கிளப்களின் பக்கம்.

23 மே

சுருக்கமான பதில்கள்.

ஒலிம்பியாகோஸின் முதல் லீக் பட்டம் எப்போது? 2018. மறு ஆண்டும் வென்றார்கள். 1925இல் பிறந்த கிளப்புக்கு இது மிகத் தாமதம். ஆனால் வந்த வேகம் அசலானது, அதை மறுக்க மாட்டேன்.

மொத்தக் கோல் சமமானால்? வெளியூரில் அதிகக் கோல் போட்டவருக்கு வெற்றி என்ற கணக்கு இப்போது கிடையாது. நேராக ஏழு மீட்டர் வீச்சு (கால்பந்தின் பெனால்டி போல), ஒரு பக்கம் ஐந்து பேர்.

25 மே, இரவு

ஒலிம்பியாகோஸ் 31, வாலுர் 27. இரண்டு ஆட்டமும் சேர்த்து 57-57. வீச்சுக்குப் போகிறது. எழுத முடியவில்லை.

26 மே

வாலுர் வென்றது.

தூங்கவில்லை. நான் டியோமிடிஸ் பக்கம் பேசிக்கொண்டிருந்தவன், ஆனால் நேற்று இரவு ஒலிம்பியாகோஸின் சிவப்பு-வெள்ளைச் சட்டைக்காரர்களுக்காக நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நாலு கோல் பின்தங்கி வந்தவர்கள் அதே நாலு கோல் வித்தியாசத்தில் அறுபது நிமிடத்தை முடிக்கிறார்கள். ஒரு கோல் கூடியிருந்தால் கோப்பை பிரேயஸுக்கு. ஒரு கோல் குறைந்திருந்தால் அப்போதே முடிந்திருக்கும்.

ஏழு மீட்டர் வீச்சைக் கோலுக்குள் நின்று பார்த்தவனாகச் சொல்கிறேன். தொலைக்காட்சியில் அது எளிதாகத் தெரியும். கோல் மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம். கோல்கீப்பர் நான்கு மீட்டர் கோடு வரை முன்னால் வரலாம். வந்தால் கோணம் குறையும், ஆனால் தலைக்கு மேலே ஒரு மெதுவான பந்து வந்து விழும். பின்னால் நின்றால் கால் பக்கத்து மூலை திறந்துவிடும். எறிபவரின் முன்னங்கால் கோட்டுக்குப் பின்னால் நிலையாக ஊன்றியிருக்க வேண்டும், நகர்த்தக் கூடாது. எனவே அவருடைய மற்ற எல்லாமே பொய் சொல்லும்: கண், தோள், மணிக்கட்டு. நீங்கள் நம்ப வேண்டியது இடுப்பை மட்டும். கையை விரித்து, வயிற்றை இறுக்கி, அடி விழும் என்று தெரிந்தே முன்னால் நிற்க வேண்டும். பெரிய ஆட்டங்களில் பந்து மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டி வரும்.

அந்த இடத்தில் நேற்று வாலுர் பக்கம் நின்றவர் குஸ்தாவ்சன். பதினாறு ஆண்டுக்கு முன் ஒலிம்பிக் இறுதியில் நின்றவர். அந்த அனுபவத்துக்கு எதிராகத் தோற்றதில் அவமானம் எதுவும் இல்லை. ஐஸ்லாந்தின் ஆண்கள் கிளப் ஒன்றுக்கு இதுவே முதல் ஐரோப்பியக் கோப்பை. 2012இல் ஆர்கோஸ் அடைந்ததை அவர்கள் நேற்று அடைந்தார்கள். அந்த மகிழ்ச்சியை நான் அவர்களுக்கு மறுக்க மாட்டேன்.

27 மே

"இரண்டாவது ஆட்டம் சொந்த மண்ணில், அப்படியும் தோற்றால் அது தோல்வி அணிதானே" என்று எழுதியவருக்கு: அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். ஏஇகே 2018இல் தோற்ற பிறகும் இப்படித்தான் பேசினார்கள்.

30 மே

நேற்று இரவு நடந்ததைப் பற்றி எல்லோரும் இங்கேயே எழுத ஆரம்பித்துவிட்டீர்கள். சரி, நானும்.

ஒலிம்பியாகோஸ் கால்பந்து அணி கான்ஃபரன்ஸ் லீக் இறுதியில் ஃபியோரென்டினாவை 1-0 என்று வென்றது. கூடுதல் நேரம் முடியப் போகும் 116ஆம் நிமிடத்தில் எல் காபி தலையால் முட்டிய கோல். கிரேக்கக் கால்பந்து கிளப் ஒன்று ஐரோப்பியக் கோப்பை வாங்குவது இதுதான் முதல் முறை. ஹேண்ட்பால் அணி அழுத நாலாம் நாள் கால்பந்து அணி கொண்டாடுகிறது.

நடந்த இடம் எது தெரியுமா? நேயா ஃபிலாதெல்ஃபியா. ஏஇகே-வின் மைதானம். 2003இல் இடிக்கப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டு காத்திருந்து 2022இல் திறந்த அரங்கம். அயோனிகோஸ் ஹேண்ட்பால் ஆடிய அதே பகுதி. போட்டிக் கிளப்பின் வீட்டில் ஒலிம்பியாகோஸ் கோப்பையைத் தூக்கியதில் ஏஇகே நண்பர்களுக்கு எப்படி இருக்கும் என்று புரிகிறது. அதை இங்கே கிளற வேண்டாம்.

எனக்கு வேண்டியது ஆண்டுக் கணக்கு. கூடைப்பந்தில் ஏஇகே 1968இல் ஏதென்ஸின் பழைய பளிங்கு மைதானத்தில் ஸ்லாவியா பிராகை வென்று கோப்பை வாங்கியது. எந்த விளையாட்டிலும் கிரேக்க கிளப் ஒன்றின் முதல் ஐரோப்பியக் கோப்பை அது. ஹேண்ட்பாலில் ஆர்கோஸ், 2012. கால்பந்தில் நேற்று. நாட்டின் பணமும் பத்திரிகையும் கண்ணீரும் ஒருங்கே கொட்டப்படும் கால்பந்து, ஆரஞ்சுத் தோப்பு நடுவிலுள்ள ஓர் ஊரின் ஹேண்ட்பால் அணிக்குப் பன்னிரண்டு ஆண்டு பின்னால் வந்திருக்கிறது.

2 ஜூன்

வேரியாவை ஏன் விட்டீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். விடவில்லை, அதற்குத் தனி மரியாதை வேண்டும் என்று வைத்திருந்தேன்.

வேரியா தெசலோனிகிக்கு மேற்கே, பீச் பழத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். அதன் கிளப் ஃபிலிப்போஸ். 1980களின் பிற்பகுதியிலிருந்து லீக் பட்டங்களைத் தொடர்ந்து குவித்து, கிரேக்க ஹேண்ட்பாலில் மிக அதிகம் வென்ற அணிகளில் ஒன்றாக நிற்கிறது. அவர்கள் ஆடும் உள்ளரங்குக்கு திமித்ரியோஸ் விகேலாஸ் பெயர். சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முதல் தலைவர் அவர். பிறந்தது சீரோஸ் தீவில் என்றாலும் குடும்பத்தின் வேர் வேரியாவில்.

ஃபிலிப்போஸ் ஐரோப்பியக் கோப்பை எதையும் வாங்கவில்லை. ஆனால் 1990களில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு லீகில் ஆண்டுதோறும் வலுவான அணி ஒன்றை இறக்கிக்கொண்டே இருந்தது. மற்ற அணிகளுக்கு அப்படி ஒரு அளவுகோல் இல்லையென்றால் ஆர்கோஸ் யாரை எதிர்த்துத் தேறியிருக்கும்? முதலில் கேட்டவருக்கு என் பதிலில் இந்தப் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வேரியா, நேயா ஃபிலாதெல்ஃபியா, ஆர்கோஸ், அதற்குப் பிறகுதான் பிரேயஸ்.

அடுத்த பருவத்துக்கு வேறு இழை தொடங்குங்கள். ஃபிலிப்போஸின் பழைய ஆட்டப் பதிவுகள் யாரிடமாவது இருந்தால் அதில் போடுங்கள், நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.